வானம் பார்த்த வழிநடை: மத்திய மலைநாட்டின் குளிரும் அதனைக் கடந்து சென்றோரும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசரின் பெயர்களாலும் போர்களின் ஆண்டுகளாலும் எழுதுவது நெடுங்கால மரபு. ஆயின், அந்நாட்டின் வழிகளில் நடந்த மக்கள் எப்பருவத்திற் புறப்பட்டனர், எங்கே தங்கினர், எக்காற்றுக்கு அஞ்சினர், எம்முகிலைக் கண்டு நடையை நிறுத்தினர் என்பனவும் வரலாறேயாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வுண்மை சிறப்பாகப் பொருந்தும். இன்று கொழும்பிலிருந்து புகைவண்டியேறி ஹட்டனுக்கோ நானு ஓயாவுக்கோ செல்பவர், யன்னலை மூடிக்கொண்டால் குளிரை வென்றவராகின்றார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அம்மலைகளுக்கு ஏறியோர் தம் கால்களையும் ஒரு கம்பளியையும் தவிர வேறு துணையற்றோராய் இருந்தனர். அவர்களுட் பலர் போய்ச் சேரவில்லை.

அவர்கள் அழிந்தது அறியாமையாலா, அன்றி வேறு காரணத்தாலா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அதனை ஆராய்வதற்கு மலையின் இயல்பையும், முற்காலத்தில் அவ்வழி சென்றோர் கையாண்ட முறைகளையும், கோப்பித் தோட்டங்களுக்காக நடந்து வந்த மக்களின் நிலையையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.

மலையும் காற்றும்

இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அணித்தாயுள்ள நாடு. இங்கே குளிர் என்பது பருவத்தினால் வருவதன்று. பெரும்பாலும் உயரத்தினால் வருவதாகும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயருமிடத்து வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியசு குறைகின்றது. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகையளவாயிருக்க, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி 16 பாகையளவே ஆதற்குக் காரணம் இதுவே. ஹட்டன் ஏறக்குறைய 4,100 அடி உயரத்தில் உள்ளது. சிவனொளிபாதமலை 7,359 அடி. நாட்டின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலை 8,281 அடி. யாழ்ப்பாணத்திலோ இராமநாதபுரத்திலோ பிறந்து வளர்ந்த ஒருவர் நுவரெலியாவை அடையும்போது, சில நாள் நடையில் வேறொரு கண்டத்துக்கே சென்றவர் போன்ற மாற்றத்தை உடலால் உணர்வார்.

மலையின் மற்றோரியல்பு அது காற்றை மறித்து நிற்பது. மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேற் பருவக்காற்று, கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை மேற்குச் சரிவுகளிலே கொட்டிவிடுகின்றது. வட்டவளை, கினிகத்தேனை ஆகிய பகுதிகளில் ஆண்டு மழை 200 அங்குலத்தையும் மிஞ்சுவதுண்டு. அதே காற்று மலைமுடியைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமற்றதாய், வெப்பமுற்றதாய் மாறுகின்றது. பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையிலுள்ள புகைவண்டிச் சுரங்கத்தின் ஒரு வாயில் மழையில் நனைந்திருக்க, மறுவாயில் வெயிலிற் காய்வதை அம்மாதங்களிற் பயணஞ் செய்வோர் காணலாம். திசெம்பர் முதல் பெப்புருவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசுங்காலத்தில் இம்முறை தலைகீழாகும். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்பிரல், ஒற்றோபர், நவம்பர் மாதங்களிற் காலை தெளிவாயிருந்து பிற்பகலில் இடிமுழக்கத்துடன் மழை பெய்வது வழக்கம்.

தமிழர் காற்றுகளுக்குத் திசையாற் பெயரிட்டனர். வடகாற்றை வாடை என்றும், கீழைக்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைச் சோளகம் என்றும், மேலைக்காற்றைக் கச்சான் என்றும் வழங்கினர். சமவெளியில் இப்பெயர்கள் திசையோடு குணத்தையுஞ் சுட்டும். மட்டக்களப்பு உழவனுக்குக் கச்சான் என்றால் நிலத்தை வறட்டும் வெங்காற்று. ஆனால் அதே கச்சான் ஹட்டன் பள்ளத்தாக்கில் நாட்கணக்கில் ஓயாத மழையையும் நடுக்கத்தையும் கொணரும். காற்றின் பெயர் ஒன்றாயிருக்க, அதன் பயன் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றது. சமவெளியிற் கற்ற வானறிவை மலைக்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பண்டைத் தமிழர் இவ்வேறுபாட்டை முற்றும் அறியாதவரல்லர். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பியர், மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதுகளாக வகுத்தார். நிலமும் பொழுதும் பிரியாதவை என்ற இக்கருத்து இலக்கிய மரபு மட்டுமன்று. மலையில் வாழ்வோனுக்கு உயிர்காக்கும் அறிவுமாகும்.

முற்கால வழிப்போக்கர் இருவர்

மலைநாட்டுக்குச் சென்றோருள் விரிவான குறிப்பை விட்டுச்சென்ற பழையோர் பலருள் இருவர் ஈண்டு நினைவுகூரத்தக்கவர். முதல்வர் மொறொக்கோ நாட்டு இபின் பத்தூத்தா. 1344ஆம் ஆண்டிற் புத்தளக் கரையில் இறங்கிய அவர், யாழ்ப்பாண அரசனாகிய ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினரானார். சிவனொளிபாதமலையிலுள்ள பாதச்சுவட்டைத் தரிசிக்க விரும்புவதாக அவர் கூற, அரசன் பல்லக்குச் சுமப்போரையும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், வேறு பத்துத் துணைவரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினான் என்று அவர் எழுதியுள்ளார். மன்னனின் பெருந்தன்மையை மட்டுமன்றி, அவன் ஆட்களைத் தெரிந்த முறையையும் இங்கே நோக்கவேண்டும். அவ்வழியிற் பலமுறை சென்று திரும்பிய யோகிகளே வழிகாட்டிகளாயினர். உணவுக்கென்று தனியாட்கள் அமர்த்தப்பட்டனர். அறியாத மலைக்குச் செல்வோனுக்கு வேண்டியவை அறிந்த துணையும் போதிய உணவும் என்பதை அவ்வரசன் உணர்ந்திருந்தான்.

இபின் பத்தூத்தாவின் குறிப்பில் மலைப்பயணத்தின் நுட்பங்கள் பல இடம்பெறுகின்றன. மரத்திலும் புல்லிலுமிருந்து பாயும் அட்டைகளுக்கு எலுமிச்சைச் சாற்றை ஆயத்தமாய் வைத்திருந்ததையும், செங்குத்தான பாறையில் ஏறுவோர் பற்றிக்கொள்ளச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும், சுமைகளைக் கீழேயுள்ள குகையில் விட்டு இறுதியேற்றத்தைச் சுமையின்றிச் செய்ததையும் அவர் கூறுகின்றார். சிகரத்திலிருந்து நோக்கியபோது முகில்கள் தமக்குக் கீழே கிடந்தன என்ற அவருடைய வியப்பு, மலையேறுவோர் அனைவருக்கும் பொதுவானது.

சிவனொளிபாத யாத்திரைக்குரிய காலம் இன்றும் திசெம்பர்ப் பூரணையில் தொடங்கி மே மாத வைகாசிப் பூரணையுடன் முடிகின்றது. இவ்வெல்லை சமயத்தோடு வானிலையையும் தழுவியது. தென்மேற் பருவக்காற்று எழுந்தபின் அச்சிகரத்தில் மழையும் சூறையும் மூடுபனியும் ஓயா. ஆகவே அதற்கு முன் யாத்திரை முடிகின்றது. சிங்கள மக்களிடையே யாத்திரைக் குழு ஒவ்வொன்றுக்கும் முன்பு பலமுறை சென்றுவந்த மூத்தவர் ஒருவர் தலைவராயிருப்பதும், முதன்முறை செல்வோர் அவர் சொற்படி நடப்பதும் மரபு. சமயக் கட்டுப்பாடு போலத் தோன்றும் இம்மரபுகளுள், களைத்தோனைத் தனியே விடாமை, அறிந்தோன் முன்செல்லுதல், பருவம் தவறிய பயணத்தை விலக்குதல் ஆகிய மூன்று பாதுகாப்பு விதிகள் அடங்கியிருக்கின்றன.

இரண்டாமவர் ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ். 1660இற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்த அவர், 1679இல் தப்பிச் சென்றார். சிறு வணிகர் வேடத்தில் வடக்கு நோக்கிப் பலமுறை சென்று, வழிகளையும் நீர்நிலைகளையும் காவல்களையும் அவர் அறிந்துகொண்டார். வடபுலத்தில் நிலவிய வறட்சி அவருடைய முயற்சிக்குப் பல ஆண்டுகள் தடையாயிற்று. நீரற்ற காட்டில் நுழைந்து மாள்வதினும் காத்திருப்பதே மேலென அவர் துணிந்தார். இறுதியிற் காலம் வாய்த்தபோது, ஒரு துணைவருடன் அனுராதபுரம் சென்று, மல்வத்து ஓயாவின் கரையைப் பின்பற்றி நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இவ்வரலாற்றைச் சொல்கின்றது.

ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினருக்குத் துணையும் உணவும் இருந்தன. கைதியாயிருந்த நொக்ஸுக்கு அவை இல்லை. ஆனால் காத்திருக்கும் பொறுமையும் அதற்கான காலமும் இருந்தன. இவ்விரண்டும் இன்றிப் பெருந்தொகையான மக்கள் அதே அரிப்புக் கரையிலிருந்து எதிர்த்திசையில் நடந்த காலம், நொக்ஸுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தது.

வடபாதை

கோப்பிப் பெருந்தோட்டச் செய்கை 1820களில் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரால் தொடங்கப்பெற்றது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அதனை ஊக்கினார். 1840களில் அது பெருகியபோது, காடழிக்கவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் முதலிய பகுதிகளில் வறுமையாலும் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் தளர்ந்த குடும்பத்தவர், கங்காணிமாரிடம் முன்பணம் பெற்றுப் புறப்பட்டனர். தோணிகளிற் கடலைக் கடந்து தலைமன்னார், மன்னார், அரிப்பு ஆகிய கரைகளில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வடபாதை என வழங்கிய இவ்வழி ஏறக்குறைய 150 மைல். நாளொன்றுக்கு 15 மைல் நடப்பினும் மாத்தளையை அடையப் பத்து நாள் செல்லும். அங்கிருந்து கண்டி, கம்பளை, இறம்பொடை எனத் தோட்டம் நோக்கி ஏறும் மலைவழி அதற்கு மேலும் உண்டு.

கோப்பிப் பழம் பறிக்கும் காலம் பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் வரும். அதற்குமுன் வந்து சேரவேண்டிய தொழிலாளர், வரண்ட பிரதேசம் மிக வரண்டிருக்கும் மாதங்களில் அதனூடே நடக்கவேண்டியிருந்தது. குளங்கள் வற்றிச் சேறாயிருக்கும். எஞ்சிய நீரையே விலங்கும் மனிதரும் பகிர்ந்தனர். வாந்திபேதி அந்நீரிலே பரவிற்று. பறிப்பு முடிந்து ஊர் திரும்புங் காலத்தில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். அப்போது ஆறுகள் பெருகி வழியை மறித்தன. காட்டுக் காய்ச்சல் பற்றிற்று. போகும்போது நீரின்மையும் வரும்போது நீர்ப்பெருக்கும் அவர்களை வருத்தின. நொக்ஸ் தவிர்த்த பருவத்திலேயே அவர்கள் நடந்தனர்; ஏனெனில் நாளைக் குறித்தது வானமன்று, கோப்பி.

1840களில் எழுபதாயிரம் பேர் வரை மாண்டிருக்கலாம் என 1849இற் கொழும்பு ஒப்சேவர்ப் பத்திரிகை கணக்கிட்டது. வந்தோர் தொகையும் திரும்பினோர் தொகையும் செவ்வையாய்ப் பதியப்படாமையால், இவ்வெண்ணை மிகையென்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். எண்ணைப் பற்றிய ஐயம் நிகழ்ச்சியைப் பற்றிய ஐயமாகாது. நடக்க மாட்டாத நோயாளர் வழியோரத்திற் கைவிடப்பட்டமை அக்காலக் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது. கங்காணி கடனுக்குப் பொறுப்பாளி. குறித்த காலத்தில் ஆட்களைத் தோட்டத்திற் சேர்க்காவிடின் நட்டம் அவனுடையது. ஆகவே ஒரு நோயாளிக்காகக் கூட்டம் முழுவதும் தங்கியிருப்பது அரிதாயிற்று. சிவனொளிபாத யாத்திரையில் முதுவர் காத்த முதல் விதியாகிய களைத்தோனைத் தனியே விடாமை, வடபாதையிற் கடனுக்கு இரையாயிற்று.

தேசாதிபதி ஹென்றி வோட் காலத்தில், 1858இற் குடிவரவுத் தொழிலாளர் ஆணைக்குழு அமைக்கப்பெற்றது. காலப்போக்கிற் கிணறுகளும் தங்குமிடங்களும் மருந்துச்சாலைகளும் வழியிலே தோன்றின. மரணங் குறையத் தொடங்கியது. கிணறும் கூரையும் வந்தவுடன் உயிர்ச்சேதம் தணிந்தமை, முன்னர் மாண்டவர்கள் தம் அறியாமையால் மாண்டவரல்லர் என்பதை ஒருவாறு உணர்த்தும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை இவ்வழிநடையோடு தொடர்புபடுத்தி மக்கள் பேசுவர். மாரி என்ற சொல் மழையைக் குறிக்கும். அம்மனோ அம்மை நோயின் தெய்வமுமாவாள். மழைக்கும் நோய்க்கும் தப்பி மாத்தளையை அடைந்தோர் முதலில் அத்தெய்வத்தை வணங்கினர் எனின், அதில் வியப்பில்லை.

குளிர் கொல்லும் விதம்

வடபாதையைக் கடந்தோருக்கு அடுத்த பகை குளிராயிற்று. நுவரெலியாவில் நீர் உறையும் அளவுக்குக் குளிர்வது சனவரி, பெப்புருவரி மாதங்களின் சில விடியல்களிலே தான். அத்தகைய நாட்டிற் குளிர் உயிரை வாங்குமோ எனச் சிலர் ஐயுறலாம். குளிர் கொல்வதற்கு நீர் உறையவேண்டுவதில்லை. நனைந்த உடலிற் காற்று வீசுமாயின், பத்துப் பாகை வெப்பத்திலும் மனித உடல் தன் சூட்டை இழந்து தளரும். நீர், காற்றினும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. நனைந்த பருத்தியாடை உடலோடு ஒட்டி அச்சூட்டை விரைவில் வெளியேற்றும். முதலில் நடுக்கம், பின்னர் கைகால் தடுமாற்றம், அதன்பின் பேச்சுக் குழறலும் அறிவு மயக்கமும், இறுதியில் உறக்கம் போன்ற மயக்கம் என இது படிப்படியாய் வரும். நடுக்கம் நின்றுவிட்டதைக் குளிர் தணிந்ததாகக் கொள்வது பெரும் பிழை. உடல் போராட்டத்தைக் கைவிட்டதன் அடையாளம் அது. பசித்தோனையும் காய்ச்சலால் மெலிந்தோனையும் குழந்தையையும் இது முந்திப் பற்றும். வன்னிக் காட்டில் பத்து நாள் அரைவயிற்றுடன் நடந்து, பருத்தி வேட்டியும் சேலையுமாய் இறம்பொடைக் கணவாயில் மழையில் ஏறியோர் எத்தகைய ஆபத்தை எதிர்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

இந்நிலையில் மலைநாட்டுத் தொழிலாளரின் வாழ்க்கையிற் கம்பளி பெற்ற இடம் எளிதிற் புலனாகும். ஆட்டு மயிராலாகிய கரிய முரட்டுக் கம்பளி நனைந்தபின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும், பருத்திக்கு அக்குணமில்லை. பகலிற் கொங்காணியாய்த் தலையையும் முதுகையும் மூடிய கம்பளியே இரவிற் பாயும் போர்வையுமாயிற்று. தோட்டத்தில் அது கொடுக்கப்பட்டபோது அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. குளிர்நாட்டில் உயிர்காக்கும் முதற்கருவி, தொழிலாளியின் முதற்கடன்களுள் ஒன்றாகவும் அமைந்தது.

தங்குமிடமோ லயம். பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள் வரிசையாய் அமைந்த அக்கட்டடத்திற் குடும்பம் முழுவதும் ஓரறையில் ஒடுங்கிற்று. ஈரத்தரையிற் படுப்போர் காற்றினாலன்றி நிலத்தினாலேயே பெரும் சூட்டை இழப்பர். அடுப்பைச் சுற்றிப் படுப்பது குளிருக்கு மருந்தாயிற்று. மூடிய அறையிற் புகை நெஞ்சுக்குப் பகையாயிற்று. சளிச்சுரம் மலைநாட்டுத் தோட்டங்களில் நெடுங்காலம் குழந்தைகளைக் கொண்டுசென்றமைக்கு இவையெல்லாம் காரணங்களாம்.

மாறிய குறிகள்

சமவெளியிலிருந்து வந்த உழவன் வானத்தை வாசிக்கத் தெரியாதவனல்லன். எறும்பு முட்டை சுமந்து மேடேறுவதையும், தும்பி தாழப் பறப்பதையும், கீழ்வானின் மின்னலையும், சந்திரனைச் சூழும் ஊர்கோளையும் அவன் குறியாகக் கொண்டான். ஊர்கோள் அகன்றிருப்பின் மழை அண்மையிலும், குறுகியிருப்பின் சேய்மையிலும் உளதென்பது நாட்டார் நம்பிக்கை. அகன்ற வட்டம் உயர்ந்த முகிலிலுள்ள பனித்துகள்களாலும், குறுகிய ஒளிவட்டம் தாழ்ந்த முகிலின் நீர்த்துளிகளாலும் தோன்றுவன. ஆகவே இரண்டும் வெவ்வேறு முகில்களின் அடையாளங்கள் என்பதளவில் அந்நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. எனினும் வெப்பவலய மழையை அவை கொண்டு மட்டும் உறுதியாய்ச் சொல்லல் இயலாது.

மலையில் இக்குறிகள் பல பயனற்றுப்போயின. நாற்புறமும் வரை சூழ்ந்த பள்ளத்தாக்கிற் கீழ்வானம் என ஒன்றில்லை. மழை வருவது தெரியும்போது அது தலைமேல் நிற்கும். ஆகவே புதிய குறிகள் வேண்டப்பட்டன. காலையிற் பள்ளத்திற் கிடந்த மூடுபனி வெயிலேறக் கரையுமாயின் நல்ல பகல். கரையாது சரிவைப் பற்றி மேலேறுமாயின் நண்பகலுக்குள் மழை எதிர்பார்க்கத்தக்கது. சூரியன் சரிவைச் சுடுகையில் ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து முகிலாகின்றமையே இதற்குக் காரணம். சிகரத்தின்மேல் தொப்பி போல் முகில் அசையாது நிற்பின், கீழே அமைதியிருப்பினும் மேலே கடுங்காற்று வீசுகின்றது என்பது பொருள். மேலே மழை பெய்வதை முதலில் அறிவிப்பது வானமன்று, ஓடை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் சருகு சுமந்துவரின் கடவையைக் கடத்தல் ஆகாது. முகிலற்ற, காற்றற்ற சனவரி இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு இழக்கும். குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்நிலத்தில் தேங்கும். ஆகையால் உறைபனி சரிவிலுள்ள தேயிலையை விட்டுப் பள்ளத்திலுள்ள தேயிலையையே கருக்கும். அத்தகைய இரவில் வழிப்போக்கன் தங்கவேண்டிய இடம் பள்ளமன்று, காற்றொதுங்கிய சரிவேயாகும்.

இடிமழைக் காலத்தில் நடையை நண்பகலுக்கு முன் முடித்துக்கொள்வதும், முழக்கம் ஓய்ந்ததுபோல் தோன்றினும் உடனே வெளிப்படாமையும் மலைவழியின் முதன்மையான விதிகளாம். யானை வேட்டையிற் பேர்பெற்ற மேஜர் தோமஸ் றொஜர்ஸ், பதுளையில் அரசாங்கப் பதவி வகித்தவர். மலைநாட்டு வழிகளை நன்கறிந்தவர். 1845 யூன் 7ஆந் தேதி அப்புத்தளைத் தங்குமடத்தில் புயலுக்கு ஒதுங்கியிருந்த அவர், மழை விட்டதா எனப் பார்க்க விறாந்தைக்கு வந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. பதவியும் பழக்கமும் உடையோரையும் வானம் பொறுப்பதில்லை.

1869இல் மடூல்சீமைப் பகுதியிற் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் வானறிவின் வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும். கோப்பிக்கு ஆண்டில் சில மாதமே ஆள்வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே வந்து திரும்பியோர் தங்கி வாழ்வோராயினர். ஒரே சரிவில், ஒரே ஓடையருகில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தபோது, அவ்விடத்து வானம் அவர்களுக்கு வசப்பட்டது. சனவரி முதல் மார்ச் வரை வீசும் குளிர்ந்த வரட்காற்றினால் திம்புலைப் பகுதித் தேயிலையும், யூலை முதல் செப்தெம்பர் வரையிலான வரண்ட மேலைக்காற்றினால் ஊவாத் தேயிலையும் தம் தனிமணத்தைப் பெறுகின்றன. ஒரு காலத்தில் உயிருக்குப் பகையாயிருந்த காற்றே உலகச் சந்தையில் விலைபெறும் பொருளாயிற்று. அவ்விலையின் பங்கு காற்றிற் கொழுந்து பறித்தோரை எவ்வளவு அடைந்தது என்பது வேறொரு வினா.

இருப்புப்பாதையும் அதன் பின்னரும்

1867இற் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானு ஓயாவுக்கும் இருப்புப்பாதை வந்தது. வடபாதையின் நடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓய்ந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியபின், மண்டபம் முகாமின் வழியாக மக்கள் ஓரிரு நாளில் மலையை அடைந்தனர். நடையின் ஆபத்து நீங்கியது; மாற்றத்தின் வேகம் கூடிற்று.

1964ஆம் ஆண்டு இருவகையில் நினைவுக்குரியது. அவ்வாண்டு ஒற்றோபரிற் கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமென விதித்தது. திசெம்பர் 22ஆந் தேதி இரவு எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு புகைவண்டி பயணிகளோடு கடலுள் மூழ்கிற்று. முன்னோர் வந்த துறைமுகமே இல்லாதொழிந்தபின், அவர்களின் வழித்தோன்றல்கள் இராமேசுவரம் வழியாகத் திரும்பினர். அவர்களுட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் குளிரையே அடைந்தனர்.

மலையில் எஞ்சியோருக்கு வானத்தின் அச்சுறுத்தல் வேறுருவிற் தொடர்ந்தது. 2014 ஒற்றோபர் 29ஆந் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. பல உயிர்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்துடையதென்று முன்னரே எச்சரிக்கை வழங்கப்பட்டிருந்தது. செல்வதற்கு மாற்றிடம் அமையவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் மலைநாட்டில் வெள்ளத்தையும் மண்சரிவுகளையும் விளைத்தது. நிலத்திற் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திறக்க மறுக்கும் கதவு, கலங்கும் ஊற்று, திடீரென வற்றும் ஊற்று ஆகியவை இன்று தோட்டப் பள்ளிகளிலே மாணவர் கற்கவேண்டிய குறிகளாம்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் ஓருண்மை தெளிவாகும். வானத்தின் குறியை அறிதல் ஒன்று. அறிந்தபடி நடக்க இயலுதல் மற்றொன்று. இபின் பத்தூத்தாவுக்கு அரசன் துணையிருந்தான். நொக்ஸ் காத்திருந்தார். யாத்திரிகர் பருவம் பார்த்துச் சென்றனர். வடபாதையில் நடந்தோர், வறண்ட குளத்தையும் திரண்ட முகிலையும் கண்டும், நிற்கவோ திரும்பவோ உரிமையற்றோராய் நடந்தனர். மீரியபெத்தை மக்களும் எச்சரிக்கையைக் கேட்டவரே; இடம்பெயர இடமற்றவர். பாதுகாப்பான பயணத்திற்கு அறிவு ஒரு பாதி; நிற்கவும் காக்கவும் திரும்பவும் உள்ள உரிமை மறுபாதி. அறிவை மட்டும் போதித்து உரிமையை மறுப்பின், அவ்வறிவு துன்பத்தை முன்கூட்டியே காட்டும் கண்ணாடியாக மட்டுமே எஞ்சும்.

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நினைவுநடை புறப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் தேதி அது மாத்தளையை அடைந்தது. பழைய வழிநடையர் நீரின்றி வருந்திய அதே வரண்ட பருவத்தில், இம்முறை வழிநெடுக மக்கள் வரவேற்று உபசரித்தனர். நீரும் நிழலும் துணையும் கிடைத்தபோது அதே 150 மைலை முதியோரும் இளையோரும் நடந்து முடித்தனர். அக்காலத்தும் அவ்வழி கடத்தற்கரியதாய் இருந்ததன்று. கடப்பதற்கு வேண்டியவை மறுக்கப்பட்டிருந்தன. வழியோரத்திற் பெயரின்றிப் புதைந்தோருக்கு வரலாறு செலுத்தக்கூடிய கடன், இவ்வுண்மையை ஐயமின்றிப் பதிந்து வைத்தலேயாகும்.